ஹேண்டில்பார் மாற்றிய பிறகு கேபிள் மாட்டுவது எப்படி

என் தாய்மாமா பர்மாவில், மோன் மாநிலத்து முடோன் பக்கம் ரப்பர் மரம் சீவுகிறவர். நடுராத்திரிக்கு மேல் கிளம்பி, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய், விடிந்த பிறகு பால் சேர்த்துவிட்டுத் திரும்புவார். 58 வயது. குனிந்தே வேலை செய்யும் உடம்புக்கு, வண்டியிலும் குனிந்து உட்கார்ந்தால் இடுப்பு தாங்காது. அதனால் அவருடைய சீனத்து 125 சிசி வண்டிக்கு உயரமான, நெஞ்சுப் பக்கம் வளைந்து வரும் ஹேண்டில்பார் ஒன்று வாங்கி நான்தான் மாட்டிக் கொடுத்தேன். பழைய கேபிள்களையே இழுத்து மாட்டினேன். ஹேண்டில் நேராக நிற்கும்போது எல்லாம் எட்டியது, கிளட்ச் வேலை செய்தது, பிரேக் பிடித்தது. சரி, முடிந்தது என்று அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் மோல்மீன் மார்க்கெட் முன்னால் வண்டியைத் திருப்பியிருக்கிறார். திருப்பத் திருப்ப எஞ்சின் தானாகவே வேகம் எடுத்திருக்கிறது. கை கிளட்சில் இருந்ததால் வண்டி பாயவில்லை. வீட்டுக்கு வந்து, "மாப்ள, ஹேண்டில திருப்பினா வண்டி தானா கத்துதுப்பா" என்றார். அன்றைக்குக் கிளட்சை விட்டிருந்தால் எதிரே வந்த லாரியில்தான் போய் மோதியிருப்பார். அதிலிருந்து, யார் ஹேண்டில்பார் மாற்றப் போவதாகச் சொன்னாலும் முதலில் கேபிளைப் பற்றித்தான் பேசுகிறேன். கேபிள் நீளம் போதுமா என்பது ஹேண்டில் நேராக இருக்கும்போது தெரியாது. இரண்டு பக்கமும் முட்டும்வரை திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். இந்தக் கட்டுரை முழுக்க அதையேதான் வேறு வேறு இடத்தில் சொல்லப் போகிறேன்.

யாங்கோன் நகருக்குள் 2003-லிருந்து மோட்டார் சைக்கிளுக்குத் தடை. ஆனால் மோன் மாநிலத்தில், பகோ பக்கத்தில், கிராமத்துத் தமிழர் வீடுகளில் வண்டி இல்லாமல் ஒரு நாள் நகராது. பக்கத்தில் மெக்கானிக் இல்லாத ஊர்களும் நிறைய. சொந்தமாகச் செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

கேபிள் என்றால் என்ன என்பதிலிருந்து

கேபிளில் இரண்டு பாகம். உள்ளே ஓடும் முறுக்குக் கம்பி, அதுதான் இன்னர். அதைச் சுற்றியிருக்கும் குழாய், அதுதான் அவுட்டர். அவுட்டரின் கறுப்புத் தோலுக்கு உள்ளே சுருள்சுருளாக இரும்புக் கம்பி சுற்றியிருக்கும், அதற்கும் உள்ளே பெரும்பாலும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாய் இருக்கும். இன்னரின் நுனியில் உலோகம் உருக்கி வார்த்த குண்டு இருக்கும். அந்தக் குண்டுதான் லீவரின் குழியில் உட்காரும்.

லீவரைப் பிடித்தால் இன்னர் இழுபடுகிறது என்று மட்டும் நினைக்கக் கூடாது. அதே நேரம் அவுட்டர் எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. ஒன்று இழுக்க, ஒன்று தாங்க, இரண்டும் சேர்ந்தால்தான் வேலை. அதனால் ஹேண்டிலைத் திருப்பும்போது அவுட்டர் எங்கேயாவது இறுகி, தன் முனையிலிருந்து வெளியே இழுபட்டால், நீங்கள் லீவரைத் தொடாமலேயே இன்னர் இழுபட்டதாக ஆகிவிடும். மாமாவின் வண்டி கத்தியது இதனால்தான். அவர் ஆக்சிலேட்டரை முறுக்கவில்லை. ஹேண்டிலைத் திருப்பியபோது அவுட்டர் நீளம் போதாமல் இழுபட்டது. எஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து விடும் கார்புரேட்டருக்கு அதற்கும் முறுக்கியதற்கும் வித்தியாசம் தெரியாது.

இங்கே இன்னொரு விஷயம். இந்த நாட்டில் 1970-லிருந்து சாலையின் வலப்பக்கம்தான் போகிறோம். ஆகவே வந்த வழியே திரும்ப வேண்டும் என்றால் ஹேண்டிலை இடப்பக்கம் முழுக்கத் திருப்புகிறோம். அப்படித் திருப்பும்போது ஆக்சிலேட்டர் இருக்கும் வலது கைப்பிடி முன்னால் போய்விடுகிறது. பெரும்பாலான வண்டிகளில் ஆக்சிலேட்டர் கேபிள் மிக இறுக்கமாக நிற்பது அந்த நிலையில்தான். எதிரே வண்டி வரும் சாலையைக் குறுக்கே கடக்கிற அதே நேரத்தில் எஞ்சின் தானாக வேகம் எடுக்கும். அதனால் ஆக்சிலேட்டர் கேபிளில் ஒரு விரல் அளவுகூட ‘பரவாயில்லை' என்று விடாதீர்கள்.

கழற்றுவதற்கு முன்

சாவியை எடுத்துவிடுங்கள். பெட்ரோல் டேப்பை மூடுங்கள். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சைடு ஸ்டாண்டில் வைத்துச் செய்தால் ஹேண்டில் ஒரு பக்கமாகவே சாய்ந்து நிற்கும், அளவெல்லாம் தப்பாக வரும்.

அப்புறம் போனை எடுத்து வலப்பக்கம், இடப்பக்கம், முன்னால், மேலிருந்து என்று நாலு பக்கமும் படம் எடுங்கள். ஒவ்வொரு கேபிளும் ஹெட்லைட்டுக்கு எந்தப் பக்கம் போகிறது, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் இரண்டு கால்களுக்கு நடுவே போகிறதா வெளியே போகிறதா, டாங்கின் அடியில் எந்தப் பக்கம் நுழைகிறது, எந்தக் கொக்கிக்குள் புகுந்து வருகிறது, எல்லாம் படத்தில் தெரிய வேண்டும். கம்பெனிக்காரன் வைத்த வழி காரணத்தோடுதான் இருக்கும். புது கேபிள் நீளமாக இருந்தாலும் வழி அதுதான்.

டாங்கின் அடியிலிருந்து கேபிளை உருவும்போது, அதன் ஒரு நுனியில் நீளமான நூலைக் கட்டிவிட்டு உருவுங்கள். கேபிள் வெளியே வந்ததும் நூல் அதே வழியில் கிடக்கும். புதுக் கேபிளை அந்த நூலில் கட்டி இழுத்தால் தானாக அதே பாதையில் போய்ச் சேரும். பாவாடை நாடா கோக்கிற மாதிரி. டாங்கைக் கழற்றாமலே வேலை முடியும்.

நீளம் கணக்கிடுவது

நிறையப் பேர் தவறுவது இங்கேதான். கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் புது ஹேண்டில்பாரை அதைப் பிடித்து நிறுத்தும் கிளாம்பில் வைத்து, போல்ட்டைப் பாதி இறுக்கி, நீங்கள் ஓட்டும் நிலையில் உட்கார்ந்து உயரமும் சாய்வும் சரிபாருங்கள். லீவர்களையும் மாட்டிக்கொள்ளுங்கள். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை ஒரே கோடாக வந்து லீவரில் விரல் படிய வேண்டும். மணிக்கட்டு மேலே மடிந்தாலும் கீழே மடிந்தாலும் அரை மணி நேரத்தில் வலிக்கும். ஹேண்டிலை இரு பக்கமும் முட்டும்வரை திருப்பி, கைப்பிடிக்கும் டாங்குக்கும் நடுவே கட்டைவிரல் நசுங்காமல் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த நிலை முடிவான பிறகுதான் கேபிளை அளக்க வேண்டும். பிறகு ஹேண்டிலை இரண்டு விரற்கடை ஏற்றினால் அளந்ததெல்லாம் வீண்.

அளக்க நூலைப் பயன்படுத்த வேண்டாம். நூல் மூலைகளில் ஒட்டிக் குறுக்கு வழியில் போகும், கேபிள் அப்படி மடியாது. ஏதாவது ஒரு பழைய அவுட்டரை எடுத்து, அது கேபிள் போக வேண்டிய வழியில் தாராளமாக வளைந்து போகும்படி வைத்து, லீவர் பக்கத்து முனையைக் கையால் பிடித்துக்கொண்டு ஒருவரை ஹேண்டிலைத் திருப்பச் சொல்லுங்கள். நேராக, இடது முட்டு, வலது முட்டு. இந்த மூன்றில் எதில் அதிக நீளம் கேட்கிறதோ அதுதான் உங்கள் அவுட்டர் நீளம். அதற்கு மேல் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தாராளம் போதும்.

இன்னருக்கு ஒரு கணக்கு உண்டு. பழைய கேபிளைத் தரையில் நேராக நீட்டி, அட்ஜஸ்டர்களை (கேபிளின் ஆட்டத்தைக் கூட்டிக் குறைக்க முனையில் இருக்கும் திருகுகள்) முழுக்க உள்ளே திருகிவிட்டு, அவுட்டர் எவ்வளவு, இன்னர் எவ்வளவு என்று தனித்தனியே அளங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உயிர்நாடி. உதாரணமாக, பழைய கிளட்ச் கேபிளில் அவுட்டர் 98 செ.மீ., இன்னர் 108 செ.மீ. என்றால் வித்தியாசம் 10 செ.மீ. புது ஹேண்டிலுக்கு அவுட்டர் 112 செ.மீ. வேண்டும் என்றால் இன்னர் 122 செ.மீ. ஆக வேண்டும். அவுட்டரை எவ்வளவு நீட்டினாலும் அந்த 10 மாறக் கூடாது. இன்னர் 120 ஆக இருந்தால் குண்டு லீவரின் குழியை எட்டாது, எட்டினாலும் கிளட்ச் பாதி பிடித்த நிலையிலேயே இருந்து பிளேட் தேய்ந்துபோகும். 125 ஆக இருந்தால் அட்ஜஸ்டரை முழுக்க வெளியே திருகினாலும் லீவர் தொளதொளவென்று ஆடும்.

கடையில் வாங்கும்போது பழைய கேபிளைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். பர்மிய மொழியில் கேபிளுக்கு ‘ஜோ' என்பார்கள், கயிறு என்று பொருள். கடைக்காரரிடம் பிரேக் ஜோ என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார். ஆனால் ஹேண்டில் மாற்றிய வண்டிக்கு என்று சொல்லாவிட்டால் கம்பெனி நீளத்தில்தான் தருவார். புதுக் கேபிளைப் பழையதோடு பக்கத்தில் பக்கத்தில் நீட்டி வைத்து, குண்டின் வடிவத்தையும், அட்ஜஸ்டரின் மரையையும், அந்த வித்தியாசத்தையும் அங்கேயே சரிபாருங்கள். வேறு மாடலின் நீளமான கேபிள் பொருந்துவதும் உண்டு, அதனால் இரண்டு மூன்றை எடுத்துப் போடச் சொல்லிப் பார்ப்பதில் தப்பில்லை.

நீளமான கேபிள் கிடைக்கவில்லை என்றால் இன்னரையும் அவுட்டரையும் தனியே வாங்கி, வெட்டி, குண்டு வைத்துத் தரும் ஆட்கள் சில ஊர்களில் இருக்கிறார்கள். வேலை சரியாக நடக்கிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். கம்பியைக் குண்டின் ஓட்டை வழியே விட்டு, நுனியில் உள்ள இழைகளைப் பூ விரிந்த மாதிரி விரித்து, அதை உள்ளே இழுத்து உட்கார வைத்து, ஈயம் ஒட்டுவதற்கான பிளக்ஸ் தடவி, உருகிய ஈயம் இழைகளுக்கு நடுவே ஊறிப் போகும்வரை சூடாக்க வேண்டும். விரிக்காமல் மேலே சும்மா ஈயம் பூசினால் ஒருநாள் குண்டு மட்டும் கழன்று கையோடு வரும். குறட்டால் நசுக்கி வைப்பதும் திருகு வைத்து இறுக்குவதும் வழியில் அறுந்தபோது வீடு வந்து சேர மட்டும் சரி. கிளட்சுக்கு இப்படிக் கையால் செய்த கேபிளை நான் ஒத்துக்கொள்வேன். முன் பிரேக்குக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன். பிரேக்குக்குச் சரியான நீளத்தில் தயாரான கேபிள் கிடைக்கும்வரை ஹேண்டில் மாற்றுவதைத் தள்ளிப்போடுங்கள்.

மாட்டும் முன் எண்ணெய்

மோல்மீனில் ஒரு வருஷத்தில் பெய்யும் மழை 4,500 மில்லிமீட்டருக்கு மேல். அதில் பெரும்பங்கு மே முதல் அக்டோபருக்குள் கொட்டிவிடும். அதற்கு முன்னாலேயே, சித்திரை பிறக்கும் நாட்களில் வரும் தின்ஜான் பண்டிகையில் தெருவில் போகும் எல்லா வண்டியும் வாளி வாளியாகத் தண்ணீரில் குளித்திருக்கும். லீவர் பக்கம் புகும் தண்ணீர் அவுட்டருக்குள் இறங்கித் தங்கும், உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிக்கும், ஒருநாள் லீவர் கல் மாதிரி கனக்கும். ஹேண்டில் மாற்றுவதற்கு நான் சொல்லும் நேரம் தின்ஜான் முடிந்து, மழை தொடங்குவதற்கு முன்னால் வரும் அந்த இரண்டு மூன்று வாரம்.

எண்ணெய் விட எங்கள் வீட்டில் செய்வது இது. சின்னப் பிளாஸ்டிக் பையின் ஒரு மூலையில் துளி வெட்டி, அதில் அவுட்டரின் மேல் முனையை நுழைத்து, ரப்பர் பேண்டால் இறுகக் கட்டுகிறோம். பை ஒரு புனல் மாதிரி நிற்கும். கேபிளைச் சுவர் ஆணியில் தொங்கவிட்டு, பைக்குள் தையல் மெஷினுக்கு விடும் எண்ணெய் மாதிரி மெல்லிய எண்ணெய் இரண்டு ஸ்பூன் விட்டு, கீழே பழைய தகர டப்பா வைத்துவிட்டுத் தூங்கப் போய்விடலாம். இன்னரை அப்பப்போ மேலும் கீழும் இழுத்துவிட்டால் இன்னும் நல்லது. விடியும்போது டப்பாவில் எண்ணெய் சொட்டியிருக்கும். பழைய கேபிள் என்றால் முதலில் சொட்டுவது செம்மண் நிறத்தில் துருவோடு இருக்கும், தெளிவாக வரும்வரை விடுங்கள். கிரீஸை உள்ளே திணிக்க வேண்டாம், அது கெட்டியாகி இழுவையைக் கூட்டும். கிரீஸ் குண்டுக்கும் லீவரின் போல்ட்டுக்கும் மட்டும்.

கேபிள்களை வழியில் விடுவது

தன்லுவின் ஆற்றுத் துறையில் படகைக் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கயிற்றைக் கட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு நுனியை ஒரு சின்னப் பையன் பிடித்தாலும் படகு நகராது. கயிறு வளைகிற அளவுக்கு உராய்வு கூடுகிறது. கேபிளிலும் அதுவேதான். கேபிள் கனப்பதற்குப் பெரிய காரணம் நீளமில்லை, மொத்தத்தில் அது எவ்வளவு வளைகிறது என்பதுதான். ஆகவே நீளம் மிஞ்சிய கேபிளை எங்கேயாவது வட்டமாகச் சுருட்டி ஒளித்து வைத்தால் லீவர் கனமாகிவிடும். தாழ்வான ஹேண்டில் மாட்டியவர்கள் செய்யும் தப்பு இது. குட்டையான கேபிள் வாங்குவதுதான் அதற்கு வழி.

மேலே பக்கவாட்டில் பெரிய வளைவாக வந்து, ஹெட்லைட்டுக்குப் பின்னால் சரிந்து, ஃபோர்க்கின் கழுத்தைச் சுற்றிக் கீழே இறங்கட்டும். கழுத்துக்கும் ஃபோர்க் பிளேட்டுக்கும் நடுவே, ஹேண்டிலைத் திருப்பும்போது முட்டி நிற்க ஒரு இரும்பு மொட்டு இருக்கும். கேபிள் அதன் நடுவே போய்விட்டால் ஒவ்வொரு திருப்பத்திலும் நசுங்கும். அங்கே விரலை விட்டுத் தடவிப் பாருங்கள், கண்ணுக்கு மட்டும் நம்பிக்கை வைக்காதீர்கள். சைலன்சர் குழாய் பக்கமும், எஞ்சினின் சூடான தலைப் பக்கமும் கேபிள் போகக் கூடாது. பிளாஸ்டிக் டேக்கால் கட்டுகிறவர்கள், கேபிள் உள்ளே வழுக்கி நகரும் அளவுக்குத் தளர்வாகக் கட்டுங்கள்.

முதலில் எல்லாக் கேபிள்களையும் சும்மா தொங்கவிட்டு வழியில் போடுங்கள், எதையும் இறுக்க வேண்டாம். பிறகு ஒவ்வொன்றாக மாட்டலாம்.

ஆக்சிலேட்டர்

கார்புரேட்டரின் மேல் மூடியைத் திருகிக் கழற்றினால் மூடி, ஸ்பிரிங், அதற்குக் கீழே ஊசியோடு ஒரு உருளை என்று சேர்ந்து வரும். ஸ்பிரிங்கை விரலால் மேலே அழுத்திப் பிடித்துக்கொண்டால் கம்பியின் குண்டு உருளையின் பிளவில் உட்கார்ந்திருப்பது தெரியும். பக்கவாட்டில் நகர்த்தி எடுத்துவிடலாம். புதுக் கம்பியை மூடி வழியே விட்டு, ஸ்பிரிங்கைக் கோத்து, குண்டைப் பிளவில் உட்கார வையுங்கள். மணல் துகள் ஒன்றுகூட உள்ளே விழாதபடி துணியால் சுற்றிக்கொள்ளுங்கள்.

உருளையைத் திருப்பிப் போடும்போது கவனம் வேண்டும். அதன் அடிப்பாகத்தில் ஒரு பக்கம் சாய்வாக வெட்டியிருக்கும். அந்த வெட்டு ஏர் ஃபில்டர் பக்கம் பார்க்க வேண்டும். கார்புரேட்டருக்குள் இருக்கும் சின்னப் பின்னும் உருளையின் காடியும் பொருந்தினால்தான் அது கீழே வரை ‘டொக்' என்று இறங்கும். மாற்றிப் போட்டால் உருளை முழுக்க இறங்காமல், ஸ்டார்ட் ஆனதுமே எஞ்சின் உச்சத்தில் அலறும். அந்த ‘டொக்' கேட்காமல் கிக் அடிக்காதீர்கள்.

கைப்பிடிப் பக்கம், புதுக் குழாயின் முனையில் பிசிறு இருந்தால் அரம் போட்டு வழவழப்பாக்கி, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடையுங்கள். கைப்பிடி போகும் இடத்தில் குழாயின் வெளி விட்டம் 22.2 மி.மீ. இருக்க வேண்டும், நம் ஊரில் ஓடும் சின்ன வண்டிகளுக்கு அதுதான் அளவு. ஆக்சிலேட்டர் கைப்பிடியின் நுனி குழாயின் முனைத் தொப்பியில் உரசக் கூடாது, ஒரு மில்லிமீட்டர் இடைவெளியாவது விடுங்கள். சுவிட்ச் பெட்டியின் உள்ளே ஒரு சின்ன முளை இருக்கும், பெட்டி சுழன்று போகாமல் பிடித்துக்கொள்வது அதுதான். புதுக் குழாயில் அதற்குரிய துளை இல்லாவிட்டால் முளையைத் தேய்த்துவிடுகிறவர்கள் உண்டு. செய்யாதீர்கள். இடத்தைக் குறித்து, முளைக்கு அளவான சின்னத் துளை போடுங்கள். ஆக்சிலேட்டர் பெட்டி சுழன்றால் கேபிளும் சேர்ந்து இழுபடும்.

கைப்பிடியின் விளிம்பில் அளந்தால், கம்பி இழுக்கத் தொடங்கும் முன் 2 முதல் 6 மி.மீ. வெறும் சுழற்சி இருக்க வேண்டும். அட்ஜஸ்டரைத் திருகி இந்த அளவைக் கொண்டுவந்து, அட்ஜஸ்டர் நகராமல் பிடிக்கும் லாக் நட்டை இறுக்குங்கள். இப்போது எஞ்சினை ஓடவிடாமல், கைப்பிடியை முழுக்க முறுக்கி விடுங்கள். தானாகவே ‘சடக்' என்று திரும்ப வேண்டும். நேராக ஒரு தடவை, இடது முட்டில் ஒரு தடவை, வலது முட்டில் ஒரு தடவை. ஏதாவது ஒன்றில் சோம்பலாகத் திரும்பினாலும் கேபிளின் வழியை மாற்றிப் போட வேண்டும்.

அதன் பிறகு எஞ்சினை ஓடவிட்டு, நியூட்ரலில், கையை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்துவிட்டு, ஹேண்டிலை மெதுவாக ஒரு முட்டிலிருந்து இன்னொரு முட்டுக்குக் கொண்டுபோங்கள். கண்ணை மூடிக்கொண்டு காதால் கேளுங்கள். சத்தம் துளியும் ஏறக் கூடாது. மாமாவின் வண்டியில் நான் இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால் போதும், மார்க்கெட் முன்னால் நடந்தது நடந்திருக்காது.

கிளட்ச்

படிக்கட்டு மாதிரி நடுவில் தாழ்ந்த அண்டர்போன் வண்டிகளில் பெரும்பாலும் கிளட்ச் லீவரே இருக்காது, அப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். கிளட்ச் லீவர் உள்ள சீன வண்டிகளில் நிறைய, ஹோண்டா 1976-ல் கொண்டுவந்த சிஜி 125 எஞ்சினின் வழியில் வந்தவை. அவற்றில் கிளட்சை அழுத்தும் கை எஞ்சினின் வலப்பக்கக் கவரில் இருக்கும். லீவரோ இடப்பக்கம். கேபிள் கழுத்தைச் சுற்றி ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் போக வேண்டியிருப்பதால் உயரமான ஹேண்டிலில் முதலில் பற்றாமல் போவது பெரும்பாலும் இதுதான்.

முதலில் எஞ்சின் பக்கத்து முனையை மாட்டுங்கள். லீவர் பக்கம் அட்ஜஸ்டர், லாக் நட், லீவரின் பிடி மூன்றிலும் ஒரு பிளவு இருக்கும். மூன்று பிளவையும் ஒரே நேர்கோட்டில் கொண்டுவந்தால் கம்பி பக்கவாட்டில் உள்ளே நுழையும். குண்டைக் குழியில் வைத்துவிட்டு, அட்ஜஸ்டரையும் நட்டையும் திருகி அந்தப் பிளவுகள் ஒன்றோடொன்று சேராதபடி விலக்கிவிடுங்கள். பிளவு மேலே பார்த்தால் மழைத் தண்ணீர் நேராக உள்ளே போகும், கீழே பார்க்கட்டும். அதற்கு மேல் ரப்பர் உறையை இழுத்து மூடுங்கள்.

லீவரின் நுனியில் 10 முதல் 20 மி.மீ. வரை வெறும் ஆட்டம் இருக்க வேண்டும். உங்கள் வண்டிப் புத்தகத்தில் வேறு அளவு போட்டிருந்தால் அதுதான் சரி. முதலில் மேலே இருக்கும் அட்ஜஸ்டரை முக்கால்வாசி உள்ளே திருகிவிட்டு, எஞ்சின் பக்கத்து அட்ஜஸ்டரில் ஏறத்தாழ அளவைக் கொண்டுவாருங்கள். பிறகு மேலே கொஞ்சம் திருகி முடித்துக்கொள்ளலாம். அப்படிச் செய்தால்தான் வழியில் கேபிள் தளர்ந்தாலும் ஸ்பேனர் இல்லாமல் கையாலேயே மேலே சரிசெய்ய முடியும். வலது முட்டுக்குத் திருப்பிப் பார்த்தபோது ஆட்டம் குறைந்தால் கேபிள் இன்னும் குட்டைதான்.

சோதிக்க: சென்டர் ஸ்டாண்டில் எஞ்சினை ஓடவிட்டு, கிளட்சை முழுக்கப் பிடித்து முதல் கியர் போடுங்கள். பின் டயர் லேசாகச் சுழலலாம், எண்ணெயின் இழுவை அது. பின் பிரேக்கை மிதித்தால் டயர் உடனே நின்று எஞ்சின் அணையாமல் ஓட வேண்டும்.

முன் பிரேக்

முன்னால் டிரம் பிரேக் என்றால் கேபிள் சக்கரம்வரை இறங்குகிறது. இங்கே திருப்புவதோடு இன்னொரு அசைவும் சேர்கிறது. குழியில் இறங்கும்போது ஃபோர்க் அமுங்கும், மேட்டில் சக்கரம் தூக்கும்போது நீளும். ஒருவர் ஹேண்டிலைப் பிடித்து முன்பக்கத்தை அழுத்தட்டும், பிறகு தூக்கட்டும். அழுத்தும்போது கேபிள் பின்னால் வளைந்து டயரில் உரசக் கூடாது, தூக்கும்போது விறைக்கக் கூடாது. மட்கார்டின் பக்கத்திலுள்ள கொக்கிக்குள் அவுட்டரைக் கட்டாயம் புகுத்துங்கள். அது இல்லாமல் ஓட்டிய வண்டி ஒன்றில் டயர் கேபிளின் தோலை உரித்து, உள்ளே சுருள் கம்பி பளபளவென்று தெரிந்ததைப் பார்த்திருக்கிறேன். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் சக்கரம் கேபிளைப் பிடித்து இழுத்திருக்கும்.

கீழே பிரேக் கையில் உள்ள நட்டைத் திருகி அளவு வையுங்கள். நட்டின் வளைந்த பக்கம் கையின் பின்னில் சரியாகப் படிந்து உட்கார வேண்டும். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டால் உரசாமல் ஓட வேண்டும், லீவர் கைப்பிடியைத் தொடுவதற்கு வெகு முன்பே சக்கரம் இறுகி நிற்க வேண்டும். பிரேக் விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள், சுவிட்ச் ஒயர் நீளம் போதாமல் அறுவது இந்த வேலையில் அடிக்கடி நடக்கும்.

டிஸ்க் பிரேக் என்றால் போவது கேபிள் இல்லை, எண்ணெய்க் குழாய். இழுத்துப் பார்க்காதீர்கள். நீளம் போதாவிட்டால் நீளமான குழாய் வாங்கி, குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியே எடுக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து மாட்டிக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரியான பிறகுதான் ஹேண்டில் கிளாம்பை முழுதாக இறுக்க வேண்டும். நிறைய ஹோண்டா வகை வண்டிகளில் கிளாம்பின் மேல் பாதியில் ஒரு புள்ளி குத்தியிருக்கும், அது முன்னால் வரும்படி வைத்து, முன் போல்ட்டை முதலில் இறுக்கிவிட்டுப் பின் போல்ட்டை இறுக்குவார்கள். பிறகு லீவர், கண்ணாடி போல்ட்டுகள்.

முதல் ஓட்டம் வாசலிலேயே இருக்கட்டும். நடக்கும் வேகத்தில் இடப்பக்கம் ஒரு வட்டம், வலப்பக்கம் ஒரு வட்டம், ஒவ்வொரு வட்டத்திலும் பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள். அப்புறம் தெருமுனைவரை போய்வாருங்கள். புதுக் கேபிளில் அவுட்டரின் சுருள்கள் ஒன்றோடொன்று நெருங்கிப் படியும், குண்டு குழியில் பதியும். அதனால் முதல் வாரத்தில் ஆட்டம் கூடும். அது கேபிள் கெட்டதாக அர்த்தமில்லை. நூறு, இருநூறு கிலோமீட்டர் ஓடியதும் மூன்று கேபிளையும் மறுபடி அளந்து அட்ஜஸ்டரைத் திருகிக்கொள்ளுங்கள். ஹேண்டில் கிளாம்பின் போல்ட்டுகளையும் அன்றைக்கே ஒரு தடவை ஸ்பேனர் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

மாமாவின் வண்டிக்குப் பிறகு ஆக்சிலேட்டர் கேபிளும் கிளட்ச் கேபிளும் நீளமாக வாங்கி மாற்றினேன். முன் பிரேக் கேபிள் கிடைக்க இரண்டு வாரம் ஆனது. அதுவரை பழைய ஹேண்டிலையே மாட்டி ஓட்டச் சொன்னேன். இப்போது மழைக்காலம் தொடங்கும் முன் ஒவ்வொரு வருஷமும் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு, ஹேண்டிலை இரண்டு பக்கமும் திருப்பி, "கேளு மாப்ள" என்று அவரே சொல்கிறார்.